வாத்துகள் ஊரில் இல்லாத நேரம்

அந்தப் பலகைக் குடிசைக்குள் நாங்கள் நான்கு பேர் ஒரே பெஞ்சில் தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். நான், என் வீட்டுக்காரர், மகள் ஜெபா, குடிசைக்குச் சொந்தக்காரியான ஐலா அம்மாள். பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். காலமெல்லாம் பிள்ளைகளைக் கையைக் கட்டு, வாயைப் பொத்து என்று சொல்லியே சம்பளம் வாங்கிய நான், கையைக் கட்டி வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

எதிரே ஒரு சின்னச் சன்னல். வெளியே மரக்கிளையில் கொழுப்புக் கட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கறுப்புத் தொப்பி போட்ட சிட்டுகள் வந்து வந்து கொத்திவிட்டுப் போயின. கீழே பனிமேல், செக்கச் சிவந்த மார்போடு ஒரு குருவி விதை பொறுக்கிக்கொண்டிருந்தது. மரங்களுக்குப் பின்னால் ஏரி. ஏரி என்று சொன்னார்களே தவிர, சுண்ணாம்பு அடித்த மொட்டை மாடி மாதிரிதான் கிடந்தது.

ஃபின்லாந்தின் வடக்குப் பக்கம் அது. மைனஸ் இருபதுக்கும் கீழே குளிர். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அந்த ஊர்ப் பகல் சுருங்கிப்போய், உச்சிப் பொழுதுக்கே நம் ஊர் அந்தி வெளிச்சம்தான் இருந்தது.

அப்போது வெடித்தது.

தொலைவில் ஒரு 'டொம்'. தொடர்ந்து தரைக்கு அடியில் என்னவோ உருண்டு ஓடுகிற மாதிரி ஓர் அதிர்வு. எங்கள் நால்வரில் காது மந்தமானவர் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். முதலில் எழுந்தவரும் இவர்தான். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார். சிட்டு, சிவப்புக் குருவி எல்லாம் போன இடம் தெரியவில்லை.

பின்னாலேயே போய்ப் பார்த்தால், முழங்கால் அளவு பனியில் நின்றுகொண்டு வானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்.

"எந்தப் பக்கம் டீச்சர்? பொகை தெரியுதா?"

வானம் இளஞ்சிவப்பாகச் சுத்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாத்து

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு இவரைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் ஆசீர். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். நான் திருத்தங்கலில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற பிறகும் என்னை டீச்சர் என்றே கூப்பிடுவார். என் பெயர் மறந்துவிட்டதோ என்று சில நேரம் எனக்கே சந்தேகம் வரும்.

இவருக்கு உலகத்தில் இரண்டே வேலை. வாரத்தில் ஆறு நாள் மருந்துக் கலவை. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற மருந்து. ஏழாவது நாள், ஆராதனை முடிந்த கையோடு வெம்பக்கோட்டை அணைக்கரை.

மழை பெய்து அணையில் தண்ணீர் நின்றால், மார்கழி தையில் அங்கே வாத்து இறங்கும். ஊசிவால் வாத்து என்று ஒன்று. காப்பிக்கொட்டை நிறத் தலை, வெள்ளைக் கழுத்து, ஊசி மாதிரி நீண்ட வால். கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தால் இவர் பசி தாகம் அறியமாட்டார். நானும் சில தடவை கூடப் போய், இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்து வினாத்தாள் திருத்தியிருக்கிறேன்.

"எங்கிட்டு இருந்து வருதுங்கீக இதுக?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வடக்க, பனிக்காட்டுக்குள்ள ஏரி ஏரியா கெடக்காம். அங்கனதான் குஞ்சு பொரிக்குமாம். ஒரு தடவ அந்த வீட்டப் போய்ப் பாத்துரணும் டீச்சர்."

திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறுகிறவர் மாதிரி சொன்னார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். கர்த்தர் சிரிக்கவில்லை போலிருக்கிறது. நர்சிங் படித்த எங்கள் ஒரே மகள் ஜெபாவுக்கு அந்தப் பனிக்காட்டிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது.

ஒரு கோடையில் அவள் போனில் படம் அனுப்பினாள். நீல ஏரி, கரையில் புல், புல்லுக்குள் ஓர் ஊசிவால் வாத்து, அதன் பின்னால் பழுப்பாகக் குஞ்சுகள். 'அப்பா, உங்க வாத்து வீட்ல எல்லாரும் சுகம்' என்று கீழே எழுதியிருந்தாள்.

அந்தப் படத்தை இவர் கம்பெனி முழுக்கக் காட்டினார். டீக்கடையில் காட்டினார். எங்கள் போதகரிடம் காட்டினார். வெம்பக்கோட்டைக்கு வருகிற வாத்து ஒவ்வொன்றும் தன் மகளைப் பார்த்துவிட்டு வருகிறது என்கிற தோரணையில் பேச ஆரம்பித்துவிட்டார்.

லீவு கிடைத்தபோது

பட்டாசுக்காரர்களுக்கு லீவு என்றால் தீபாவளிக்குப் பிறகுதான். கடைசி லோடு போனதும் கம்பெனியைப் பூட்டுவார்கள். மறுபடி பூசை போட்டுத் திறக்கிறவரை ஊரே காலை நீட்டிப் படுக்கும். கல்யாணம், காதுகுத்து, வேளாங்கண்ணிப் பயணம், பழனிப் பயணம் எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான். எங்கள் பயணமும் அப்படியே அமைந்தது. பாஸ்போர்ட், விசா, முறுக்கு, கருவாடு எல்லாம் தயார். கருவாட்டுக்கு விமான நிலையத்தில் என்ன ஆனது என்பதைப் போன வாரம் அழுதுகொண்டே எழுதிவிட்டேன்.

போய் இறங்கிய மறுநாள் இவர் பல் விளக்கியதும் கேட்ட முதல் கேள்வி, "ஏரி எங்க இருக்கு?"

ஜெபா கூட்டிக்கொண்டு போனாள். படத்தில் பார்த்த அதே ஏரி. அந்த நீலத்தையும் புல்லையும் காணோம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே வெள்ளை. நடுவில் ஒருத்தர் நாயோடு நடந்து போய்க்கொண்டிருந்தார்.

இவர் பைனாகுலரை எடுத்து ஒரு சுற்றுப் பார்த்தார். இறக்கினார்.

"வாத்து எங்கம்மா?"

"வெம்பக்கோட்டைல இருக்கும்பா" என்றாள் ஜெபா.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்புக்கு வலசைப் பாடம் காலங்காலமாக நடத்தியவள் நான். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து பறவைகள் தெற்கே வரும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியவள். அந்த அம்புக்குறிக்கு எதிர்த் திசையில் டிக்கெட் போட்டு வந்திருக்கிறோம். எங்களை வழியனுப்ப வந்த கூட்டத்தில் ஒருத்தருக்காவது தோன்றியிருக்கக் கூடாதா? பட்டாசு ஊருக்கு லீவு தெரியும், மற்ற எதுவும் தெரியாது.

"ஒனக்குத் தெரியும்லா? சொல்லியிருக்கலாம்லா?" என்று மகளைக் கேட்டேன்.

"தெரியும். சொன்னா வரமாட்டீக. கோடையில அப்பாவுக்கு சீசன், லீவு கெடைக்காது. அப்புறம் எப்பத்தான் வருவீக?"

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். வீட்டு ஆட்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து விருந்துக்குப் போன கதையை அன்றைக்கு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சந்தோஷமான மனுஷன். அதற்காகத்தான் இத்தனை வருசம் கூட இருக்கிறேன்.

பொறி பறக்கும் சட்டை

வாத்து இல்லாவிட்டால் என்ன, காட்டுக்குள் வேறு பறவைகள் இருக்கின்றன என்று ஜெபா ஒரு நாள் லீவு போட்டாள். அவள் வேலை பார்க்கிற இடத்தில் முன்பு சமையல் பார்த்த ஐலா அம்மாளுக்கு, ஏரிக்கரைக் காட்டில் பறவை பார்ப்பதற்கென்றே ஒரு குடிசை உண்டு.

புறப்படுகிற காலையில் ஒரு சண்டை. உடம்போடு ஒட்டுகிற உள்சட்டை ஒன்றை ஜெபா வாங்கி வைத்திருந்தாள். இவர் அதைக் கையில் எடுத்து உதறினார். சடசடவென்று சத்தம். திரைச்சீலை போட்ட அறையில் நீலமாகச் சின்னப் பொறிகள்கூடத் தெரிந்தன. சட்டையைக் கட்டில்மேல் போட்டுவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போனார்.

"இத எவன் போடுவான்? பொறி பறக்குது."

பட்டாசுக் கம்பெனியில் பருத்தி தவிர வேறு துணி உடம்பில் படக் கூடாது. மருந்து அறைக்குள் போகும்முன் வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டில் கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் அதில் இறங்கிவிடும். அந்தப் பழக்கத்தில் எங்கள் வீட்டு வாசல் கம்பியைக்கூடத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

"அப்பா, இங்கன மருந்து இல்ல. பருத்தியில வேர்வ ஊறுனா ஒடம்பு ஐஸ் ஆயிரும்" என்று ஜெபா கெஞ்சினாள். கடைசியில் ஆட்டுரோமத்தில் நெய்த ஒரு பழைய சட்டையில் சமாதானம் ஆனார்.

குடிசை வாசலுக்கு வந்ததும் கையுறையைக் கழற்றி, இரும்புத் தாழ்ப்பாளில் உள்ளங்கையை வைத்தார். அந்தக் குளிரில் இரும்பு கையை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. ஐலா அம்மாள் பதறிப்போய் வெந்நீர் ஊற்றி விடுவித்தார். இது என்ன ஜெபமா என்று மகளிடம் கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டேன் என்றாள் ஜெபா.

பாக்கி இருந்த பேச்சு

சிரிப்பெல்லாம் சரி. அந்தப் பயணத்தில் என் வயிற்றுக்குள் ஒரு பேச்சு பாக்கி இருந்தது.

இவருக்கு வேலையை விடுகிற வயசு வந்து போய்விட்டது. முதலாளி தங்கமானவர், விடமாட்டேன் என்கிறார். இவருக்கும் விட மனசில்லை. தன் கையில் வேலை பழகியவர்களைத் தன் கண்ணில் படாமல் விட்டால் அவர்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம். பூசை போட்டுக் கம்பெனி திறக்கிற அன்று, கிறிஸ்தவ வேதக்காரராக இருந்தும், முதலாளி பக்கத்தில் நிற்க வேண்டியவர் இவர்தான். அன்றைக்கு நின்றால் அந்த வருசம் முழுக்க வேலைக்கு நிற்பதாக அர்த்தம். அந்த வருசம் பயணம் கிளம்பும்முன் நான் வாய் விட்டே கேட்டேன், இந்தப் பூசைக்குப் போக வேண்டாம் என்று. "போய்ட்டு வந்து சொல்லுதேன்" என்றார்.

அப்பா வேலையை விடட்டும் என்று ஜெபாவும் வருசக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அங்கே போன முதல் குளிர்காலத்திலிருந்தே நேரம் கெட்ட நேரத்தில் போன் பண்ணுவாள். நான் வகுப்பில் இருப்பேன்.

"அப்பா எங்கம்மா?"

"கம்பெனிலதான். வேற எங்க போவாக?"

"சரிம்மா, சும்மாதான் கேட்டேன்."

வைத்துவிடுவாள். அவ்வளவுதான் பேச்சு. அப்பா செல்லம், தனியாக இருக்கிறாள், மனசு தேடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். சில நாள் எரிச்சலும் வரும். அம்மா எங்கே என்று ஒரு நாளாவது கேட்டாளா?

சத்தம் போட்டுச் சொன்னது

பனியில் நின்று புகை தேடிக்கொண்டிருந்தவரிடம் வருகிறேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பகலில் எங்காவது ஒரு சத்தம் கேட்டால் கை வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் மாடிக்கு ஓடுவோம். எந்தத் திசை, புகை எழும்புகிறதா, என்ன நிறம். அதற்குள் ஆளாளுக்குப் போனை எடுத்துத் தங்கள் வீட்டு ஆளைக் கூப்பிடுவார்கள். ஒருத்தருக்கும் லைன் கிடைக்காது. கிடைக்கிறவரை மனசு படுகிற பாடு இருக்கிறதே, அதை நான் எத்தனையோ தடவை பட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது கல்குவாரி வெடியாக இருக்கும். எல்லா நாளும் அப்படி இருக்காது.

ஜெபா வெளியே வந்து அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். ஐலா அம்மாள் உட்கார்ந்த இடத்திலேயே நிம்மதியாக இருந்தார். பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். ஏரிப் பக்கம் கையைக் காட்டி அவர் பாஷையில் என்னவோ சொன்னார்.

"ஐஸ் வெடிக்குதும்மா" என்றாள் ஜெபா, ரகசியக் குரலில். "குளிர் ஏற ஏற ஐஸ் தடிக்கும். அப்பம் இப்பிடித்தான் சத்தம் போடும். ஏரி கெட்டியாகுது, இனி பயமில்லாம நடக்கலாம்னு இங்கன உள்ளவுக சந்தோசப்படுவாக."

"ஒனக்குப் பழகிருச்சா?" என்றேன் நான்.

அவள் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொத வருசம் பழகல. ஐஸ்னு தெரியும், எல்லாரும் சொல்லிட்டாக. தெரிஞ்சும் கை தன்னால போனை எடுத்துரும். அப்பா குரலக் கேக்கணும், இல்லன்னா எங்க இருக்காகன்னாவது தெரியணும். கம்பெனிக்குள்ள போன் கூடாதுல்லா, அதான் ஒங்களக் கூப்புடுவேன்."

அப்பா எங்கம்மா. சும்மாதான் கேட்டேன். நான் கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"என்ன சொல்லுதா?" என்றார் இவர். காதில் மாட்டுகிற மிஷினின் பேட்டரி அந்தக் குளிரில் காலையிலேயே செத்துவிட்டது. நாங்கள் உதடசைப்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாததுக்கா டீச்சர் கண்ணத் தொடைக்காக? சத்தமாச் சொல்லு."

பேசக் கூடாத குடிசை அது. ஜெபா ஐலா அம்மாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அப்பா காதுப் பக்கம் குனிந்து, நம் ஊர் சந்தையில் கூப்பிடுகிற மாதிரிக் கத்தினாள்.

"ஏரி வெடிக்கிறப்பல்லாம் கம்பெனில நீங்க இருக்கீகளான்னு பயந்து போன் பண்ணுவேன்னு சொன்னேம்ப்பா."

காடு முழுக்கக் கேட்டிருக்கும். மரத்திலிருந்து கொஞ்சம் பனி சொரிந்தது. ஐலா அம்மாள் உதட்டில் விரலை வைக்கப் போய், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

இவர் காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். "இப்பவுமா?" என்று கேட்டார். அவருக்கே காது கேட்காததால் அதுவும் பெரிய சத்தமாக வந்தது.

"இப்பவும்தான். பகல்ல டூட்டி இருந்தா பாத்ரூமுக்குள்ள போய் நின்னு பண்ணுவேன்."

சத்தம் கேட்டு வந்தது

அந்த நேரம் பார்த்து ஐலா அம்மாள் என் தொடையைத் தட்டினார்.

சன்னல் விளிம்பில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு பறவை வந்து உட்கார்ந்திருந்தது. மைனா அளவைவிடக் கொஞ்சம் பெரிசு. புகை படிந்த சாம்பல் நிறம். தலையைச் சாய்த்து ஒவ்வொருத்தராக எங்களைப் பார்த்தது. என்ன பிரச்சினை உங்களுக்கு என்று விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா மாதிரியே இருந்தது.

கூக்கெலி என்பது அதன் பெயராம். காட்டில் ஆள் சத்தம் கேட்டால் மற்ற பறவைகள் ஓடும், இது மட்டும் என்னவென்று பார்க்க வரும். காட்டுக்குள் போகிறவர்களுக்கு அது துணை என்று அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்தக் குளிர்காலத்தில் ஐலா அம்மாள் அன்றுதான் அதை முதலில் பார்க்கிறார். எங்கள் குடும்பச் சண்டைச் சத்தத்துக்காவது வந்ததே என்று அவருக்குக் கண்ணெல்லாம் சிரிப்பு.

பறவை எழும்பியபோது வால் விரிந்தது. சாம்பலுக்குள் ஒளித்து வைத்திருந்த செங்கல் நிறம் அப்படியே பளிச்சென்று தெரிந்தது.

"டீச்சர், பாத்தீகளா? மத்தாப்புல கடைசியா வர்ற கலர்" என்றார் இவர். மறுபடியும் பெரிய சத்தமாகத்தான். இந்தத் தடவை யாரும் விரலை உதட்டுக்குக் கொண்டு போகவில்லை.

திரும்பி நடக்கையில் ஏரி இன்னொரு தடவை வெடித்தது. இவர் நின்றார். காலடியில் அதை உணர்ந்திருப்பார். வானத்தைப் பார்க்கவில்லை, முன்னால் போய்க்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். அவள் கை கோட்டுப் பைக்குள், போன் இருக்கிற பைக்குள், போய்விட்டுத் திரும்பி வந்தது. அதை நானும் பார்த்தேன்.

பூசை நாள்

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தோம். நட்சத்திரம் கட்டினோம், கேக் போட்டோம். வேலை பற்றி இவர் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்கப் போகிற பதிலுக்குப் பயம்.

கம்பெனி பூசை நாள் வந்தது. ஒவ்வொரு வருசமும் அன்றைக்கு வெள்ளைச் சட்டை போடுவார். முந்தின நாளே தேய்த்து ஆணியில் மாட்டிவைத்திருந்தேன். வயிற்றெரிச்சலோடு தேய்த்ததில் காலரில் ஒரு சுருக்கம் விழுந்துவிட்டது.

காலையில் குளித்துவிட்டு வந்தவர், சட்டையைத் தாண்டிப் போய் பைனாகுலரை எடுத்துக் கழுத்தில் மாட்டினார்.

"வெம்பக்கோட்ட வர்றீகளா டீச்சர்?"

"பூசைக்குப் போகலையா?"

"இனி வேலைக்கு வரலன்னு மொதலாளிகிட்ட நேத்தே போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன். ரொம்பச் சங்கடப்பட்டாக. அப்புறம் கையப் புடிச்சு அனுப்பி வச்சாக."

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். கேக் டப்பாவைத் தேடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அழுதேன் என்று எழுதுவதற்கு இப்போது என்ன வெட்கம்? அழுதேன்.

அணையில் அந்த வருசம் நல்ல தண்ணீர். பைக்கை நிறுத்திவிட்டுக் கரையில் ஏறினால், நடுத் தண்ணீரில் வாத்துக் கூட்டம். ஊசிவால்கள். தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கிக்கொண்டு மேய்ந்தன. இவர் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

"ஒங்க வீட்டுக்குப் போயிருந்தோம். நீங்க இல்ல" என்றார் அவற்றிடம். "வீடு நல்லாத்தான் இருக்கு. பூட்டிக் கெடக்கு."

வெயில் முதுகில் இதமாக இருந்தது. நான் கேக்கை விண்டு கொடுத்தேன். என் போன் அடித்தது. ஜெபா.

"அப்பா எங்கம்மா?"

"அங்கன ஏரி வெடிச்சிச்சா?"

"ம். இப்பத்தான். பெருசா."

பக்கத்தில் பார்த்தேன். இவர் வாயில் கேக்கும் கண்ணில் பைனாகுலருமாக இருந்தார்.

"இங்கனதான், எம் பக்கத்துல இருக்காக. வாத்து பாத்துக்கிட்டு."

"இன்னைக்குப் பூசையாச்சேம்மா?"

"பூசைதான். போகல. இனி போகமாட்டாக."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

"சரிம்மா" என்றாள் கடைசியில். "சும்மாதான் கேட்டேன்."

ஆனால் போனை வைக்கவில்லை.